இழையோட்டிய இரும்பு

மதினி தரையிலிருந்து எழுந்திருக்கக் கட்டில் காலைப் பிடித்தார். அந்த நொடியில்தான் எனக்கு அது தோன்றியது. ஜாக்கெட் துணியை விரித்துப் போட்டு, முழங்காலில் நின்றபடியே வெட்டி முடித்திருந்தார். அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் ஒத்தக்கடை வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் துணி வெட்டுவது தரையில்தான். பிள்ளை பிறந்த பிறகு இடுப்பு வலி வேறு.

"நின்னுக்கிட்டே வெட்டுற மாதிரி ஒரு மேசை செஞ்சு தாரேன் மதினி. இரும்புல."

"காளான் வளர்த்தீங்களே கொழுந்தனாரே, அந்த மாதிரியா?"

காளான் பைகள் இன்னும் மாடியில் தொங்குகின்றன. மீன் தொட்டியும் இருக்கிறது, மீன் இல்லாமல். பழங்காநத்தத்துக்குப் போய் சதுர பைப் வாங்கி லோடு ஆட்டோவில் ஏற்றினேன். வெல்டிங் மெஷினைக் கூடப் படித்த மாப்ள ஒருவன் கொடுத்தான். மாடியில் தகரக் கொட்டகைதான் பட்டறை.

முதலில் அறுப்பது. ஒரு பக்கம் மட்டும் கோடு போட்டு அறுத்தால் பிளேடு கீழே போகப் போக எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறது. நாலு பக்கமும் கோடு வேண்டும். எல் வடிவ மூலைமட்டத்தை ஒவ்வொரு பக்கமாக வைத்துக் கோட்டைச் சுற்றி வரச் செய்தால், கிளம்பின இடத்திலேயே அது வந்து சேர வேண்டும். முதல் தடவை அப்படிச் சேர்ந்தபோது பைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோடு போட்டது மதினியின் தையல் சாக்பீஸில். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டால் அம்புட்டு மெல்லிசாக விழுகிறது.

பிறகு வெல்டிங். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்து, துளியும் பிசகாமல் நிறுத்தி, ஒவ்வொரு மூலையாக ஒரே மூச்சில் அடித்து முடித்தேன். கால்களையும் அப்படியே. மேசையை நிமிர்த்தினால் ஒரு கால் தரையைத் தொடவில்லை. மதினி உள்ளங்கையை வைத்து அழுத்தினார். டக், டக்.

"காலேஜுக்கு மட்டம் போட்டவர் கையில மூலைமட்டத்தக் குடுத்தா இப்படித்தான்."

"நான் சரியாத்தான் வச்சேன் மதினி. சூடு ஆறுறப்ப இரும்பு சுருங்கி, வெல்டு அடிச்ச பக்கமா இழுத்துக்கிருது."

"இரும்பா? துணிதான அப்படி இழுக்கும்." அவருக்கும் ஆச்சரியம். "அப்ப இழையோட்டிட்டு அடிச்சிருக்கலாம்ல?"

தைக்கும் முன் துணி நகராமல் இருக்க அங்கங்கே தளர்வாக நூலோட்டிக்கொள்வதுதான் இழையோட்டுவது. வெல்டிங்கில் அதற்கு டேக் என்று பெயர். ஒவ்வொரு மூலையிலும் ஒரு பொட்டு. வீடியோவில் பார்த்ததுதான், அவசரத்தில் தள்ளிவிட்டுப் போயிருந்தேன். அதைவிட, இரும்பை அசையாத பொருள் என்றே நினைத்திருந்தேன். அதுவும் துணி மாதிரி சுருங்கும், இழுக்கும், பொறுமையாகக் கேட்டால் விட்டும் கொடுக்கும் என்று தெரிந்ததும் அதன் மேல் ஒரு தனி மதிப்பு வந்துவிட்டது.

வெல்டை எல்லாம் அறுத்து, விளிம்பைத் தேய்த்து, மறுபடி ஆரம்பித்தேன். நாலு மூலைக்கும் நாலு பொட்டு. மதினியின் இஞ்சு டேப்பை மூலைக்கு மூலை குறுக்கே பிடித்தோம், அவர் ஒரு நுனி, நான் ஒரு நுனி. அடுத்து மற்ற இரண்டு மூலைகள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் கோணாமல் இருக்கிறது என்று அர்த்தம்.

"ரெண்டு நூல் கூடுது மதினி."

"உங்க நூலா, என் நூலா?"

இரும்புக்காரர்களுக்கு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. நீண்டிருந்த குறுக்களவின் ஒரு மூலையைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். பொட்டு மட்டுமே பிடித்திருந்ததால் சட்டம் அசைந்து கொடுத்தது. மறுபடி டேப். இரண்டும் ஒன்று. அப்புறம் இந்த மூலையில் கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம் என்று ஆறவிட்டு ஆறவிட்டு அடித்தேன். கால்களுக்கும் அதே மரியாதை.

மேசையைக் கீழே இறக்கி, பிளைவுட்டை மேலே போட்டதும் மதினி உள்ளங்கையை வைத்து அழுத்தினார். சத்தமில்லை. துணியை விரித்து வெட்ட ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, துணியைத் திருப்பாமல், தானே மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். தரையில் அது முடியாத காரியம். முடித்ததும் எதையும் பிடிக்காமல் நடந்து போய் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். அங்கே கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூல் ஒரு பக்கமாக நெளிந்தது. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்து ஸ்டூலா மதினி?"

"செய்யிங்க. ஆனா கால் நாலும் வெளிய விரிஞ்சு நிக்கணும். எந்தப் பக்கம் சாஞ்சாலும் கவுறக் கூடாது."

விரிந்த காலென்றால் ஒரு வெட்டும் நேராக வராது. இதற்கு உருண்டை பைப் வேண்டும் என்று வேறு ஆசை. மூலைமட்டத்துக்கு அங்கே வேலையே இல்லை. யோசித்துக்கொண்டு நின்றவனிடம் மதினி ஒரு பேப்பர் அச்சை நீட்டினார், சட்டைக் கைக்கு வெட்டி வைத்தது.

"விரிச்சா வளைவு. கையில சுத்துனா தோளோட சரியாப் பொருந்தும். பைப்புக்கும் அப்படி வெட்டிச் சுத்தி, ஓரத்துல கோடு போட்டுப் பாருங்க."

நேற்றைய பேப்பரில் ஒன்று வெட்டி பைப்பில் சுற்றிப் பார்த்தேன். ஓரம் இன்னும் ஒரு நூல் தள்ளி நிற்கிறது. இன்னொன்று வெட்ட வேண்டும். அது பொருந்தினால், ஸ்டூலின் முதல் காலை ஞாயிற்றுக்கிழமை அறுக்கிறேன்.