ஏழு பேருக்கு இடம் கிடக்கு

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது என்று அம்மா பெருமையாகவும் சில சமயம் எரிச்சலோடும் சொல்வார். அப்பா வாய்கூசாமல் சொன்ன ஒரு பொய்யைப் பக்கத்தில் நின்று கேட்டவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

டென்மார்க்கில் பிராண்டே என்ற ஊரில் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் அப்பாவுக்கு வேலை. அந்த வருடம்தான் ஒரு வயதான டேனிஷ்காரரிடம் பழைய கம்பிங் வோன் ஒன்று வாங்கியிருந்தார். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகிற வீடு. வீடு என்பது பெரிய சொல். நாலு பேர் படுக்கலாம் என்று விற்றவர் சொன்னார்; படுக்கலாம்தான், ஒருவர் மூச்சு விடும்போது மற்றவர் விடாமல் இருந்தால். அப்பா, அம்மா, அக்கா, நான். கோடை விடுமுறைக்கு மேற்குக் கடற்கரைக்குப் போவதென்று எல்லாம் பேசி முடித்திருந்த வேளையில் தலைநகருக்குப் பக்கத்து ஹ்விடோவ்ரேயிலிருந்து மாமி போன் எடுத்தார்.

மாமி அப்பாவின் அக்கா. இரண்டு வருடமாக அவர்கள் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. காரணம் காற்று. அக்கா பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டுக்கு மாமி வந்துதான் முதல் தண்ணீர் வார்க்க வேண்டும். அன்றைக்கென்று புயல்காற்று அடித்து, கடலுக்கு மேலே போகும் பெரிய பாலத்தைப் பூட்டிவிட்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் மாமியும் மாமாவும் காருக்குள் பட்டுடுத்திக்கொண்டு இருக்க, இந்தப் பக்கம் நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் வேறு யாரோ தண்ணீர் வார்த்துவிட்டார்கள். மாமி வந்து சேர்ந்தபோது அக்கா அம்மாவின் கூறைச்சேலையில் படத்துக்கு நின்றாள். மாமா ஒரு வாய் சாப்பிடாமல் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அப்பா எத்தனையோ தரம் கூப்பிட்டும் அவர்கள் வரவில்லை.

அப்படிப்பட்ட மாமி, தானாகவே போன் எடுத்து, கம்பிங் வோன் வாங்கியதைக் கேள்விப்பட்டதாகவும், தாங்களும் மகனும் வந்து சேர்ந்துகொள்ளட்டுமா என்றும் கேட்டார்.

"இடம் கிடக்கோ தம்பி?"

"இடமோ? தாராளமாய்க் கிடக்கு அக்கா. ஏழு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். நீங்கள் வாங்கோ."

அகப்பையோடு நின்ற அம்மா அப்பாவின் வாயையே பார்த்தார். போனை வைத்த பிறகும் அப்பா சிரித்துக்கொண்டே நின்றார். சந்தோசம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். சாமத்திய வீட்டுக்குப் பிறகு, இடமில்லை என்ற சொல்லும் அந்தக் குடும்பத்தின் காதில் விழுந்தால் உறவு அதோடு சரி என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் என்னுடைய கட்டில் பறிபோகப் போகிறது என்பதுதான்.

அன்று தொடக்கம் அப்பா வேலையால் வந்தவுடன் வண்டிக்குள் புகுந்துவிடுவார். முன்பக்கம் இருந்த சாப்பாட்டு மேசையின் கால் மடங்கியது. அதை இறக்கி மெத்தை போட்டு நெருக்கினால் மூன்று பேருக்கு ஆயிற்று. பின்பக்கம் குறுக்காக இருந்த கட்டிலில் இரண்டு பேர். மிச்ச இரண்டு பேருக்காக அந்தக் கட்டிலுக்கு மேலே பலகை அடித்து ஒரு மேல்தட்டு கட்டினார். பலகையைத் தாங்க நாலு கட்டை தேவைப்பட்டது. வண்டியை விற்ற பெரியவர் நல்ல கனமான நாலு மரக்கட்டைகளையும் கையில் தந்து, அவை எதற்கென்று நெடுநேரம் டேனிஷில் விளக்கியிருந்தார். அப்பா "யா, யா" என்று தலையாட்டியிருந்தார். இப்போது அந்தக் கட்டைகளைப் பார்த்ததும் அந்த மனிதர் எவ்வளவு முன்யோசனைக்காரர் என்று வியந்து, அவற்றையே சுவரில் வைத்து ஆணி அறைந்துவிட்டார். பிறகு மேல்தட்டில் மூன்று மூட்டை அரிசியை ஏற்றி ஓர் இரவு விட்டுப் பார்த்தார். அரிசி நிம்மதியாகத் தூங்கியது.

கடற்கரையில் வண்டிகளை வரிசையாக, எல்லாவற்றின் மூக்கும் ஒரே திசையைப் பார்க்க நிறுத்த வேண்டும் என்பது அங்கே சட்டம். பொறுப்பாளர் சைக்கிளில் வந்து வரிசை பார்த்துவிட்டுப் போனார். அப்பா வண்டியின் நாலு மூலையிலும் இருந்த இரும்புக் கால்களை மணலில் இறக்கினார். மாமா குடும்பம் சாயந்தரம் வந்தது. அப்பா ஓடிப்போய் மாமாவின் பையை வாங்கினார். மாமா நலம் விசாரித்தார், ஆனால் அளந்துதான் பேசினார். மாமி வண்டிக்குள் தலையை நீட்டி ஒரு தரம் பார்த்தார். அவர்களுடைய மகன், எங்கள் மச்சான், பதினைந்து வயதுக்கு வாசலைவிட உயரமாக இருந்தான். அப்பா அவனை மேலும் கீழும் பார்த்த பார்வையில் அரிசி மூட்டைகளின் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

புட்டும் மீன் குழம்பும் முடிந்து, வெயில் இன்னும் போகாமல் நிற்க, படுக்கும் ஏற்பாடு தொடங்கியது. அப்போதுதான் அம்மா போனில் திசை பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, மூக்குப் பக்கம் வடக்கெல்லோ!"

முன்பக்க மெத்தையில் நீளவாக்கில்தான் படுக்கலாம்; வடக்கே தலை வைத்து விருந்தாளியைப் படுக்க வைப்பதா? சரி, தலையைத் தெற்கே வைத்தால் கால் வடக்கே போகும். வடக்கே, முன் யன்னலுக்குக் கீழே, அம்மா காலையிலேயே பூ வைத்துச் சாமிப் படத்தை இருத்தியிருந்தார். சாமிக்கு நேரே கால் நீட்டவும் கூடாது. படத்தைப் பின்னுக்கு மாற்றுவோம் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். பின்னுக்குக் கழிவறை இருந்தது. அதற்குப் பக்கத்தில் சாமியை வைப்பதா என்று அம்மாவும் மாமியும் ஒரே குரலில் கேட்டார்கள். இரண்டு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விசயம் அது. வண்டியையே திருப்பலாமா என்று மச்சான் டேனிஷில் கேட்டான். சைக்கிள்காரரை நினைத்து அப்பா வேண்டாம் என்றார்.

ஆகவே அந்த அருமையான முன்பக்கத்தைச் சாமிக்கு விட்டுவிட்டு, ஏழு பேரும் பின்பக்கத்தில் குறுக்காகப் படுப்பதென்று முடிவாயிற்று. கட்டிலில் அம்மா, மாமி, அக்கா. கீழே நிலத்தில் அப்பாவும் மாமாவும், ஒருவர் காலில் ஒருவர் தலை. மேல்தட்டில் நான். எல்லாரும் ஒருவாறு அடங்கிய பிறகு கடைசியாக மச்சான் மேலே ஏறினான்.

பலகை அசையவில்லை. வண்டிதான் அசைந்தது. அவசரமே இல்லாமல், மரியாதையாக, மூக்கை மேலே தூக்கத் தொடங்கியது. பின்பக்கம் மணலுக்குள் இறங்க இறங்க முன் யன்னலில் மணலுக்குப் பதிலாக வானம் தெரிந்தது. முதலில் தேத்தண்ணிக் கேத்தில் வந்தது. பிறகு மிச்சப் புட்டு. பிறகு யாருடையதோ செருப்பு. கடைசியாகச் சாமிப் படம் பூவோடு சறுக்கிக்கொண்டு வந்து மாமாவின் நெஞ்சில் நின்றது. மாமா இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"ஒருத்தரும் அசையாதேங்கோ!" என்று அப்பா கத்தினார். அசைந்து முன்னுக்குப் போயிருந்தால் வண்டி தானாக இறங்கியிருக்கும் என்பது அந்த நேரம் யாருக்கும் தோன்றவில்லை.

"கால் படாமல் பிடியுங்கோ அண்ணை," என்று அம்மா மாமாவுக்குச் சொன்னார். மாமியின் முழங்கை அப்போது அம்மாவின் கழுத்தில் இருந்தது.

பக்கத்து வண்டியிலிருந்து பெரிய வயிறுள்ள ஒரு டேனிஷ்காரர் பிஜாமாவோடு வந்து, எங்கள் வண்டியின் மூக்கில் தொங்கி, அதைக் கீழே கொண்டுவந்தார். பிறகு மணலில் புதைந்திருந்த இரும்புக் கால்களைப் பார்த்து, இதற்கடியில் வைக்கும் கட்டைகள் எங்கே என்று கேட்டார். அப்பா எழும்பிப் போய் மேல்தட்டைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. கட்டைகளைக் கழற்றிக் கால்களுக்குக் கீழே வைத்தபோது, மேல்தட்டும் போயிற்று. ஏழு பேருக்கு இருந்த இடம் நாலு பேருக்குத் திரும்பி வந்துவிட்டது.

எல்லாரும் வெளியே வந்து பக்கத்துப் புல்லில் நின்றோம். யாரும் சிரிக்கவில்லை. அப்பா மாமாவின் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த ஆணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அத்தான், நான் இடம் கிடக்கெண்டு..."

மாமா இன்னமும் சாமிப் படத்தை நெஞ்சோடு பிடித்தபடி இருந்தார்.

"ஏன் தம்பி, இப்பதானே இடம் வந்திருக்கு. சாமி தானாய் எழும்பிப் பின்னுக்கு வந்திட்டார். இனி நாங்கள் முன்னுக்குக் கால் நீட்டலாம்."

அம்மா யோசித்தார். கழிவறைப் பக்கம்தான், ஆனால் சாமியே விரும்பி வந்தால் நாம் யார் தடுக்க? மாமிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, புல்லில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்த இரவு ஏழு பேரும் தெற்கே தலை வைத்து, அடுக்கிய மீன்களாகக் கிடந்தோம். அப்பா திரும்பினால் மாமா திரும்ப வேண்டும். மாமாவின் முழங்கால் அப்பாவின் விலாவில் இருந்தது. இருவரும் இருட்டில் பழைய கதை கதைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தூக்கத்திலும் கேட்டது.

காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போன மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டித்தான் நடந்தார். வாசல் அலுவலகத்தில் அவர் சட்டைப் பையிலிருந்து மரத்துண்டு கோத்த ஒரு திறப்பை, யாரோ வீட்டுச் சாவியை, எடுத்து மேசையில் வைத்தார். அங்கிருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, இங்கேயே ஐந்து கட்டில் உள்ள மரவீடு எடுத்து, வருவதற்கு முன்பே காசும் கட்டிவிட்டீர்கள், ஏன் இரவு வரவில்லை, ஏதும் குறையா என்று கேட்டார். குறை ஒன்றுமில்லை, இனித் தேவைப்படாது என்று மாமா டேனிஷில் சொன்னார். பிறகு காலை எட்டு மணிக்கு எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.

"வீட்டில சொல்லாதை, என்ன?"

ஓம் என்றேன். ஐந்து கட்டிலுக்குத் திறப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இரவு முழுக்க நிலத்தில் மடங்கிக் கிடந்திருக்கிறார் என்றால், பாவம், மாமாவுக்கு மறதி முற்றிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அதனால் அவர்கள் திரும்பிப் போகும்வரை அவருடைய கண்ணாடியையும் செருப்பையும் கார்த் திறப்பையும் நானே தேடித் தேடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.