குளிர்த்திக்கு வைத்த ஏழு குடங்கள்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இன்று முப்பத்தோராம் நாள். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய கடைசித் தம்பியின் வணக்கம். அக்காவின் மகள், என் மருமகள், எனக்கு இரண்டு பக்கம்தான் ஒதுக்கினாள். "மாமா, நீங்க எழுதத் தொடங்கினா கோயில் அறிக்கை மாதிரி நீண்டுரும்" என்று முன்கூட்டியே எச்சரித்தும் விட்டாள். பதினெட்டு வருடம் எங்கள் ஊர் அம்மன் கோயிலின் செயலாளராக இருந்தவனுக்கு அந்தப் பேச்சுத் தேவைதான். ஆனாலும் கெஞ்சி இன்னும் ஒரு பக்கம் வாங்கினேன். அக்காவின் பேரில் ஊரில் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. அது அவர் செய்த குற்றம் அல்ல. யார் செய்தது என்பதை இந்த மலரில் எழுதாமல் விட்டால், பிறகு எழுதும் தைரியம் எனக்கு வரப்போவதில்லை.

அக்கா பிறந்தது வெல்லாவெளியில். அப்பாவுக்கு அங்கே வட்டை என்று சொல்லும் வயல்வெளியில் நாலு ஏக்கர் இருந்தது. இனக் குழப்ப காலத்தில் அதை அப்படியே விட்டுவிட்டு, பெரியகல்லாற்றுக்குக் கிட்ட இருக்கும் அம்மாவின் ஊருக்கு வந்து சேர்ந்தோம். அக்கா அப்போது விஞ்ஞானப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகம் கொஞ்சத்தில் தவறியது. அதற்காக இரண்டு நாள் அழுதார். மூன்றாம் நாள் கல்லடியில் ஒரு பாடசாலைக்கு ஆய்வுகூட உதவியாளர் வேலைக்கு மனுப்போட்டார். கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அதே ஆய்வுகூடம், அதே காலை பஸ்.

எங்கள் சொந்தக்காரர்களுக்கு அந்த வேலையின் பெயர் பிடிபடவே இல்லை. "போத்தல் கழுவுற உத்தியோகம்" என்பார்கள். அக்கா கோபிக்க மாட்டார். "ஓம், நான் கழுவாட்டி உங்கட பிள்ளைகள்ற கை வெந்துரும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். அத்தான் வாவியில் மீன் பிடித்தவர். மகளுக்கு ஒன்பது வயதாகும்போது நாலு நாள் காய்ச்சலில் அவர் போய்விட்டார். அதன் பிறகு மகளைப் படிப்பிக்க அக்கா பட்ட பாட்டை மகளே இந்த மலரில் எழுதியிருக்கிறாள். நான் அதைத் திருப்பி எழுதவில்லை.

கடல் ஊருக்குள் வந்த வருடம் அந்த ஆய்வுகூடத்தின் ஒரு பக்கச் சுவர் விழுந்தது. இரசாயனப் போத்தல்கள் எல்லாம் சேற்றுக்குள் கிடந்தன. துப்புரவாக்க மண்வெட்டிகளோடு வந்த ஆட்களை அக்கா வாசலிலேயே மறித்து விட்டார். ஒட்டியிருந்த பெயர்க் கடதாசி கரைந்துபோன போத்தலுக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது, தெரியாததை ஆபத்தானது என்றே எண்ண வேண்டும் என்பது அவருடைய கட்சி. பதினொரு நாள், கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு போத்தலாகத் தடவி எடுத்தார். உடைந்தவற்றைச் சுற்றி உலர்ந்த மணலைக் கொட்டி மூடினார். நாங்கள் சொந்தங்களைத் தேடி ஓடித் திரிந்த நாட்கள் அவை. "சனம் செத்துக் கிடக்கு, நீ போத்தலுக்குக் காவல் நிக்கிற" என்று நான் முகத்துக்கு நேரே கேட்டேன். அக்கா அடுத்த போத்தலைத் தடவி எடுக்கக் குனிந்தார். அந்தப் பாடசாலையில் ஒரு பிள்ளைக்கும் கை வேகவில்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

இனி அந்தச் சங்கதி. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் அம்மனின் கதவு வருடத்தில் ஒரு முறை, வைகாசியில் திறக்கும். சடங்கின் கடைசி நாள் குளிர்த்தி. கோபத்தோடு வந்த அம்மனைத் தண்ணீரால் குளிரவைப்பது. ஏழு குடும்பத்துப் பெண்கள் விரதம் இருந்து கோயில் கிணற்றில் அள்ளி, மஞ்சள் துணியால் வாய் கட்டி, வீதியோரப் பந்தலில் குடங்களை வைப்பார்கள். சடங்கு நேரம் வரும்வரை அவற்றை வேறு யாரும் தொடக் கூடாது. ஏழாவது குடம் எங்கள் குடும்பத்துக்குரியது. அதை அக்காதான் எடுத்து வருவார்.

ஐந்து வருடத்துக்கு முந்திய குளிர்த்தி நாளில், காலை ஒன்பது மணி இருக்கும், கோயில் வளைவில் ஒரு சின்ன லொறி மாட்டுக்கு விலக்கப் போய் வடிகால் கானுக்குள் சரிந்தது. பரல் என்று சொல்லும் நீல நிறப் பீப்பாய்கள் மூன்று உருண்டு விழுந்தன. ஒன்றின் மூடி உடைந்து, எண்ணெய் போலத் தடித்த ஒன்று வீதியில் ஓடியது. தார் ஓரத்து ஈரத்தில் பட்டதும் புகைந்தது. சாரதி ஒரு கீறலும் இல்லாமல் வெளியே வந்து, குந்தியிருந்து பரலை நிமிர்த்தப் பார்த்தார்.

நான் பக்கத்துத் தண்ணீர்ப் பந்தலில் இருந்த பெரிய வாளியைத் தூக்கினேன். புகைகிறது, கொதிக்கிறது, ஆகவே குளிரவைக்க வேண்டும். அன்று காலை முழுவதும் குளிர்த்தி, குளிர்த்தி என்றே வேலை செய்துகொண்டிருந்தவனுக்கு வேறு யோசனை வரவில்லை. குடங்கள் இருந்த பந்தலில் இருந்து அக்கா கத்தினார்.

"தம்பி, ஊத்தாதடா! அது அசிட்டுடா! தண்ணிய ஊத்தாத!"

எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டு இருந்தேன், ஆனால் கேட்டது. கோயில் வாசலில் ஊர் கேட்க, செயலாளரை ஒரு பெண் அதட்டுவதா என்று ஒரு கணம் நினைத்தேன். ஊற்றினேன்.

கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் விழுந்தால் எப்படியோ அப்படி அது சீறித் தெறித்தது. என் காலில் இரண்டு சொட்டு. மற்றதெல்லாம் குந்தியிருந்த மனிதரின் முகத்திலும் நெஞ்சிலும்.

"என்ட கண்ணு! யா அல்லாஹ், கண்ணு!"

அக்கா ஓடி வந்த வேகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. அவருக்கு அப்போது அறுபத்துமூன்று வயது. சாரதியை இடுப்பில் பிடித்து இழுத்து, காற்று வரும் பக்கம் இருந்த குடப் பந்தலுக்குள் கொண்டுபோனார். சட்டையைக் கிழித்து எறிந்தார். தலையை ஒரு பக்கமாகச் சரித்துப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்ப் பந்தலில் மிஞ்சியிருந்ததை எல்லாம் முகத்தில் ஊற்றினார். அது சீக்கிரம் முடிந்துபோயிற்று. பாதியை நான்தான் வீதியில் கொட்டியிருந்தேனே. குழாயில் தண்ணீர் வரவில்லை. கிணறு அமிலம் ஓடிய பக்கத்துக்கு அப்பால் இருந்தது.

அக்கா குடங்களைப் பார்த்தார். கோயில் தலைவரான எங்கள் வண்ணக்கரும் அதைக் கண்டுவிட்டார்.

"பிள்ள, அது அம்மாளுக்கு வச்ச தண்ணிகா!"

"அம்மாளுக்கு மறுகாவும் அள்ளலாம் ஐயா. இவருக்கு மறுகா கண் இல்ல."

முதலில் எங்கள் குடும்பத்துக் குடத்தின் துணியைத்தான் அவிழ்த்தார். பிறகு ஆறாவது, ஐந்தாவது. "கண்ணத் தொறங்க தம்பி. எரியும். எரிஞ்சாலும் தொறக்கத்தான் வேணும்" என்று விரலால் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, மூக்குப் பக்கமிருந்து வெளிப் பக்கம் ஓடுகிற மாதிரி மெல்ல ஊற்றினார். யாரோ ஒருவர், நிலத்தில் ஊற்றாதே என்றவள் மனிதன் மேல் ஊற்றுகிறாளே என்று கேட்டார். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நிலத்துல அசிட் நிறையக் கிடக்கு, அதுல கொஞ்சத் தண்ணி விழுந்தா கொதிச்சுத் தெறிக்கும். இவர்ட மேல கிடக்கிறது கொஞ்சம். நிறையத் தண்ணி விட்டா கழுவிக்கிட்டுப் போயிரும். நிண்டு கதைக்காம அந்தக் கான் வாய மண்ணால அடைங்க. வாவிக்குள்ள போகப் போகுது!"

அவர் ஊற்றிக்கொண்டே சொன்னதைத்தான் ஊர் செய்தது. இரண்டு பக்கமும் வாகனங்களை மறித்தார்கள். பிள்ளைகளைக் காற்று வரும் பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். கோயில் வீதியில் பரப்புவதற்குக் குவித்திருந்த உலர்ந்த மணலை அள்ளிக் கானை அடைத்து, கசிவைச் சுற்றி வரம்பு கட்டினார்கள். இறால் பண்ணையில் இருந்து சுண்ணாம்பு மூட்டைகள் வந்தன. எட்டத்தில் நின்று கொஞ்சம் கொஞ்சமாகத் தூவச் சொன்னார் அக்கா. நுரைத்து நுரைத்து அடங்கியது. தீயணைப்புப் படையினர் வந்து மிச்சத்தைப் பொறுப்பேற்றபோது ஒரு சொட்டும் வாவிக்குப் போயிருக்கவில்லை. அம்புலன்ஸ் வந்ததும் அக்கா கடைசிக் குடத்தோடு அதில் ஏறி, ஆஸ்பத்திரி வரைக்கும் ஊற்றிக்கொண்டே போனார். சாரதிக்கு ஒரு கண் முழுதாகத் தப்பியது. மற்றது மங்கல்.

அன்று பிற்பகல் ஏழு பேரும் மறுபடி அள்ளினார்கள். குளிர்த்தி குறைவில்லாமல் நடந்தது. ஆனால் அந்த வருடம் மாரி பிந்தியது. வட்டையில் விதைத்தது காய்ந்தது. அம்மாளின் தண்ணீரை எடுத்ததால்தான் என்று ஒருவர் சொன்னார், பிறகு பலர் சொன்னார்கள். அக்கா இனிக் குடம் எடுக்கக் கூடாது, அவருடைய பிள்ளையும் எடுக்கக் கூடாது என்று நிர்வாக சபை தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தை எழுதியவன் நான். கூட்டத்தில் வாசித்தவனும் நான். சாரதியின் முகம் எப்படி வெந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்கா கத்தியதைக் கேட்டவர்களும் பரல் வெடித்ததாகவே நினைத்தார்கள். லொறி மறைத்ததால், நான் வாளியோடு நின்றதைக் கண்டவர் அக்கா ஒருவர்தான் என்று நம்பியிருந்தேன். பொலிசுக்குப் பயந்தேன், பதவி போய்விடும் என்று அதைவிடப் பயந்தேன்.

ஒரு நாள் மனம் பொறுக்காமல் அக்காவின் வீட்டுக்குப் போய், என்னால்தான் எல்லாம் என்று அழுதேன். அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னட்டச் சொல்லி என்னடா? நான்தான் பாத்தேனே. சொல்லுறதெண்டா ஊருக்குச் சொல்லு" என்றார். பிறகு, "இரு, தேத்தண்ணி ஊத்துறன்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை, ஒரு நாளும் இல்லை. நான் ஊருக்குச் சொல்லவில்லை. நான்கு சடங்குகளுக்கு அக்கா கோயிலுக்குள் வராமல், வீதிக்கு எதிர்ப்பக்கம் நின்று குடங்கள் போவதைப் பார்த்துக் கும்பிட்டார். நான் உள்ளே நின்று ஒலிவாங்கியில் அறிவித்தல் செய்துகொண்டிருந்தேன். வெட்கங்கெட்டவன்.

கடைசி எட்டு மாதம் நோயோடு கிடந்தபோதும் அக்கா தன்னுடைய மருந்துப் போத்தல்களில் பெயர் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துத்தான் குடித்தார். மகள் பக்கத்தில் இருக்க, ஒரு காலை நேரம் அமைதியாகக் கண்ணை மூடினார்.

அவரைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும், இரவு பகல் பாராமல் துணை இருந்த அயலவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், எட்டு நாளும் எங்கள் வீட்டுக்குச் சமைத்துக் கொடுத்தவர்களுக்கும், பந்தல் போட்ட பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பழைய மாணவர்கள் இத்தனை பேர் வருவார்கள் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. அவர்களுக்கும் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஏறாவூரில் இருந்து செத்த வீட்டுக்கு வந்த அந்தச் சாரதிக்கு. அக்காவை அவர் தங்கள் வழக்கப்படி 'ராத்தா' என்றும் என்னை அண்ணன் முறையில் 'நானா' என்றும்தான் கூப்பிடுவார். அந்த விபத்துக்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும் வட்டிலப்பம் என்ற இனிப்பைச் செய்து கொண்டுவருவார். ஒரு சட்டி அக்காவுக்கு, ஒரு சட்டி எனக்கு. அன்று அவரை வேலியோரம் கூட்டிக்கொண்டு போய், உங்கள் கண்ணைக் கெடுத்தவன் நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"தெரியும் நானா. அம்புலன்ஸ்ல போகக்குள்ளயே ராத்தா சொல்லிட்டா. 'ஊத்தினது என்ட தம்பி. கெட்ட எண்ணத்துல ஊத்த இல்ல, குளிரட்டும் எண்டுதான் ஊத்தினான். ஏசுறதெண்டா என்னை ஏசுங்க' எண்டு சொல்லி அழுதா."

அப்படியானால் அத்தனை பெருநாளும் அவர் தெரிந்துகொண்டேதான் என் வாசலுக்கு வந்திருக்கிறார்.

செயலாளர் பதவியை விட்டு விலகிவிட்டேன். ஊர்ப் பெரியவர்களே, அந்தத் தீர்மானத்தில் அக்காவின் பெயரை வெட்டிவிட்டு என் பெயரை எழுதுங்கள். வரும் வைகாசியில் ஏழாவது குடத்தை என் மருமகள் எடுத்து வருவாள். அவளை உள்ளே விடுங்கள். வீதிக்கு எதிர்ப்பக்கம் நான் நிற்கிறேன்.