அக்கா வளர்த்த நீல ஒளி

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவர் காலமான வாரத்தில் வீட்டுக்கு வந்த உறவினர்களில் சிலர், "அவங்க எதுல பேராசிரியர்?" என்று என்னிடம் கேட்டார்கள். "பல்புங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.  அந்தக் கேள்விக்கு இப்போது நிதானமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பண்டார் பாருவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அக்கா பிறந்தார். அப்பா அப்போது தோட்டக் கடையில் வேலை பார்த்தார். பிறகு செர்டாங் பட்டணத்தில் சொந்தமாக ஒரு மளிகைக் கடை போட்டார். இன்று நான் நடத்துவது அதே கடைதான். அம்மா எங்களை விட்டுச் சீக்கிரமே போய்விட்டதால், என்னைக் குளிப்பாட்டித் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பு அக்காவின் தலையில் விழுந்தது. எல்லாவற்றையும் கற்றுக்கொண்ட அவருக்குச் சமையல் மட்டும் கடைசிவரை வரவில்லை. அவர் வைத்த ரசத்தை அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, முகம் கோணாமல், "பக்கத்துக் கடை பாய்கிட்ட கொஞ்சம் சால்னா வாங்கிட்டு வாய்யா" என்று என்னை அனுப்புவார். அக்காவும் கோபித்துக்கொள்ளாமல், "எனக்கும் சேத்து வாங்கிட்டு வா" என்பார்.

பள்ளியிறுதியான ஆறாம் படிவத் தேர்வு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில் அக்கா பிறை நகரிலிருந்த ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். விடியுமுன் பஸ் வந்து எங்கள் பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, கடுகைவிடச் சிறிய சில்லுகளில் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்ட வேண்டும். ஒட்டி முடித்து மின்சாரம் கொடுத்தால் அந்தச் சில்லு எல்.இ.டி. விளக்காக எரியும். மற்ற பெண்கள் கண் வலிக்கிறது என்றுதான் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். அக்கா வேறொன்றைச் சொன்னார்.

"ப்பா, செகப்பு இருக்கு, பச்ச இருக்கு, மஞ்ச இருக்கு. நீலம் மட்டும் இல்ல. ஏன்னு கேட்டா சூப்பர்வைசருக்கும் தெரியலலா."

"நீலம் இல்லாட்டி என்னம்மா?"

"நீலம் சேந்தாத்தான்ப்பா வெள்ள வெளிச்சம் வரும். அது வந்துட்டா நம்ம வீட்டு லைட்டே இதுலதான் எரியும்."

அப்பா மேலே பார்த்தார். எங்கள் கடையில் அப்போது குழல் விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

அக்கா பொறியியல் படித்தார். உபகாரச் சம்பளம் கிடைத்து மேற்படிப்புக்கு ஜப்பானுக்குப் போனார். ஆனால் அவருடைய கேள்விக்கு அந்த நாட்டுக்காரர்கள் அதற்குள் விடை கண்டுவிட்டிருந்தார்கள். நீல ஒளி பிறந்துவிட்டது. அக்கா மனம் உடைந்திருப்பார் என்று நினைத்துத் தொலைபேசியில் ஆறுதல் சொல்லப் பார்த்தேன். அவர் சிரித்தார். "முந்திட்டாங்க தம்பி. பரவால்ல. ஆனா அவங்க அத நீலக்கல் தட்டு மேல வளக்குறாங்க. கம்ப்யூட்டர் சில்லு செய்யிற சாதா சிலிக்கான் தட்டு மேல வளத்தா எல்லாருக்கும் கெடைக்கும். அத யாராலயும் ஒழுங்கா செய்ய முடியல."

அதுவே அக்காவின் வாழ்நாள் வேலையாயிற்று. நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். உலைக்குள், ஆயிரம் பாகைக்கும் மேலான சூட்டில், சிலிக்கான் தட்டின்மேல் காலியம் நைட்ரைடு என்ற படிகத்தை மெல்லிய படலமாக வளர்ப்பார்கள். அது நன்றாகத்தான் வளரும். ஆறும்போது தட்டு ஒரு மாதிரி சுருங்கும், படலம் இன்னொரு மாதிரி சுருங்கும். வறண்ட வயல்போல் படலம் முழுக்க வெடித்துவிடும். நாடு திரும்பி, பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்து, சுங்கைப் பட்டாணியில் கணித ஆசிரியராக இருந்த அத்தானை மணந்து, மகள் யாழினியைப் பெற்று வளர்த்த அத்தனை ஆண்டுகளிலும் அக்கா அந்த வெடிப்புகளோடுதான் மல்லுக்கட்டினார்.

அவரோடு விசேஷங்களுக்குப் போவது ஒரு தனி அனுபவம். கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, விளக்கின் கீழ் வேகமாக ஆட்டிப் பார்ப்பார். பேனா துண்டுதுண்டாகத் தெரிந்தால் விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிறதாம். "இதுக்கு அடியில உக்காந்தா தலவலிதான் வரும்" என்று சொல்லி, எங்கள் குடும்பத்தையே எழுப்பி வேறு மேசைக்குக் கொண்டுபோவார். மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்கு ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்து ஓடிவருவார்கள். அத்தான்தான் எல்லாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்.

சிடாம் கிரியிலிருந்து வந்த குமரேசன் அக்காவின் முதல் முனைவர் பட்ட மாணவர். இருவரும் சேர்ந்து வெடிப்பு குறைவான ஒரு விளக்கைச் செய்து, அது எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமாக எரிவதாக ஆய்விதழில் வெளியிட்டார்கள். பாராட்டுகள் வந்தன. அக்காவின் பேராசிரியர் பதவி உயர்வுக்கான நேர்காணலும் நெருங்கியது. அப்போதுதான் அக்கா, ஒளியை அளக்கும் கருவியைச் சரிபார்க்க வைத்திருந்த விளக்கே மங்கிப்போயிருந்ததைக் கண்டுபிடித்தார். அதை வைத்துச் சரிசெய்த கருவி, அவர்களுடைய விளக்கை உண்மைக்கு மேல் பிரகாசமாகக் காட்டியிருக்கிறது. அதைக் கவனிக்க வேண்டியவர் அக்காதான்.

அந்த வாரக் கடைசியில் செர்டாங்குக்கு வந்தார். கடையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அப்பாவிடமும் என்னிடமும் சொன்னார். அப்பா தராசை ஓரமாக நகர்த்தினார்.

"நீயா சொல்லாட்டி யாருக்கும்மா தெரியப்போவுது?"

"தெரியாதுப்பா. ஆனா அந்த அளவ நம்பி வேற நாட்டுல நாலு பேரு மேல கட்டிட்டுப் போவாங்க. அந்த வெளிச்சம் தங்களுக்கு ஏன் வரலன்னு தெரியாம அவங்க வருஷம் போவும். எனக்கு வெடிப்பு ஏன் வருதுன்னு தெரியாம எத்தன வருஷம் போச்சு?"

"இன்டர்வியூ?"

"அது போவும்."

போயிற்று. அக்கா அந்தக் கட்டுரையைத் தாமே திரும்பப் பெற்றார். பதவி உயர்வு தள்ளிப்போனது. ஆய்வுக்கான நிதி நின்றது. அதைவிட அவரை வாட்டியது குமரேசனின் கோபம். அவருடைய ஆய்வேடு அந்த முடிவின்மேல்தான் நின்றது. "டாக்டர், உங்களுக்கு வேல இருக்கு. எனக்கு என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவர் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டார். "அவன் கேட்டது நியாயந்தானே" என்று மட்டும் அக்கா என்னிடம் சொன்னார். அந்தத் தீபாவளிக்கு அவர் புதுப்புடவை எடுக்கவில்லை. ஆனால் விடுமுறை முடிந்ததும் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார்.

அடுத்த ஆண்டு, ஒரு சனிக்கிழமை, குமரேசன் தாமாகவே ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். "வெடிப்பு நின்னுச்சா டாக்டர்?" என்று கேட்டாராம். "இல்லப்பா. வா, பாரு" என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாராம். இதைக் குமரேசனே பிறகு என்னிடம் சொன்னார். அதிலிருந்து சனிக்கிழமைகளில் வந்தார். பிறகு வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வந்தார். தட்டுக்கும் படிகத்துக்கும் நடுவே, அலுமினியத்தின் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போகும் மெல்லிய அடுக்குகளை வைத்துப் பார்த்தார்கள். மாற்றி மாற்றி வைத்தார்கள். வெடித்துக்கொண்டேயிருந்தது.

ஒருநாள் மதியம் கடைக்குத் தொலைபேசி வந்தது.

"தம்பி, உடையல."

"என்னக்கா உடையல?"

"படலம்டா. நல்லா ஆறின பெறவும் உடையல. முழுசா இருக்கு."

பின்னால் குமரேசன் சிரிப்பது கேட்டது. அக்கா அழுகிறார் என்று எனக்குப் பட்டது.

பிறகு அந்தப் படலத்தில் செய்த விளக்கொன்றைச் செர்டாங்குக்கு எடுத்துவந்தார். கல்லாமேசைமேல் வைத்துப் பேட்டரியில் இணைத்தார். அப்பாவுக்கு அப்போது வயதாகியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இவ்வளோண்டுதானா?"

"இவ்வளோண்டுதான்ப்பா."

அப்பா உள்ளங்கையை நீட்டி அந்த நீல வெளிச்சத்தை அதில் விழவைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தார். வெங்காயம் கேட்டு வந்தவரும் எட்டிப்பார்த்துவிட்டு, எதற்கு வந்தார் என்பதை மறந்து நின்றார். இந்த முறை அளவுகளை வேறு இரண்டு ஆய்வுக்கூடங்களில் சரிபார்க்கச் சொன்ன பிறகே அக்கா வெளியிட்டார். குமரேசன் முனைவரானார். அக்கா பேராசிரியரானார். மகள் பேராசிரியரானதைப் பார்த்துவிட்டுத்தான் அப்பா கண்ணை மூடினார்.

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நாள் கடந்துவிட்டிருந்தது. அக்கா அதைப் பெரிதாகப் பேசவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்தபடி கடைசி மாணவியின் ஆய்வேட்டைத் திருத்தினார். அத்தான் வாசித்துக்காட்ட, அவர் கையசைத்து நிறுத்துவார். கடைசி வாரத்தில் என்னிடம், "தம்பி, நான் வெச்ச ரசம் அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?" என்று கேட்டார். "ஆமாக்கா" என்றேன். மூச்சுத் திணறும் அளவுக்குச் சிரித்தார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், இரவு பகல் பாராத தாதியர்க்கும், எங்களுக்குச் சாப்பாட்டுக் கவலையே வராமல் பார்த்துக்கொண்ட பக்கத்துக் கடை பாய் குடும்பத்துக்கும், துக்கத்தன்று கடையடைத்த செர்டாங் வணிகர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உரியது.

ஒரு நன்றி மிச்சம் இருக்கிறது. இறுதிச் சடங்கை நடத்திய பண்டாரம், "நெய்ப்பந்தம் புடிக்கப் பேரப்புள்ளைங்க வாங்க" என்று கூப்பிட்டார். யாழினிக்கு இன்னும் திருமணமாகவில்லை. அக்காவுக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை. யாரும் நகரவில்லை. அக்காவின் மாணவர்கள் நின்ற பக்கத்திலிருந்து குமரேசன் முன்னால் வந்தார்.

"நாங்க புடிக்கலாமாங்க?"

"நீங்க என்ன மொற வேணும்?" என்று பண்டாரம் கேட்டார். குமரேசன் அத்தானைத் திரும்பிப் பார்த்தார்.

அத்தான்தான் தலைநிமிர்ந்தார். "அவங்க கையில குடுங்கய்யா."

குமரேசன் வாங்கினார். அவருக்குப் பின்னால் மெய் லிங் என்ற சீன மாணவி வந்து இரண்டு கையாலும் வாங்கினார். கூலிமிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்திருந்த மற்றவர்கள் வரிசையில் சேர்ந்தார்கள். மலாய் மாணவர்கள் வாசலோரம் தலைகுனிந்து நின்றார்கள். கட்டிவைத்த பந்தங்கள் போதவில்லை. பண்டாரம் யாழினியைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் துணி இருக்காம்மா?" என்று கேட்டார். அவள் உள்ளே ஓடிப்போய் அக்காவின் பழைய பருத்திப் புடவை ஒன்றை எடுத்துவந்து கொடுத்தாள். பண்டாரம் அதைக் கிழித்து, நெய்யில் தோய்த்து, வந்தவர்களுக்கெல்லாம் கட்டிக் கொடுத்தார். அவர்கள் எல்லாரும் அக்காவைச் சுற்றிவந்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.