காமாலை வராத கட்சிக்காரி

வேல்விழி வக்கீலாகப் பதிவு செய்துகொண்ட 2003ஆம் வருடத்தில் திருப்பூரின் ஒவ்வொரு பனியன் கம்பெனி வாசலிலும் ஒரு பலகை தொங்கியது. சிங்கர் டெய்லர் தேவை, ஓவர்லாக் டெய்லர் தேவை, கைமடி தேவை, செக்கிங் பெண்கள் தேவை. மண்ணரையிலிருந்து கோர்ட்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து அவள் அவற்றைப் படித்துக்கொண்டே போவாள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களைக்கூடக் கூப்பிட்ட ஊர் அது. வக்கீல் தேவை என்று மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைக்க அவசியம் இல்லை. வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தார்கள். பக்கத்து மாநிலத்துக்குப் பரீட்சைக்கு மட்டும் பஸ் ஏறிப் போய்ப் பட்டத்தோடு திரும்பியவர்கள் இருந்தார்கள். காரின் கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் வேண்டும், போலீஸ் கையைக் காட்டக் கூடாது என்பதற்காகவே படித்த முதலாளி வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஐந்து வருடம் ஒழுங்காக வகுப்பில் உட்கார்ந்து படித்த வேல்விழி போன்றவர்களும் இருந்தார்கள். ஆனால் கோட்டு எல்லோருக்கும் ஒரே கறுப்பு என்பதால் வித்தியாசம் தெரியவில்லை. வக்கீல் சங்க அறையில் நாற்காலி நாற்பது, உறுப்பினர் முந்நூறு சொச்சம். பெரியவர்கள் அறையில் இல்லாதபோது அவர்களுடைய கோட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். சின்னவர்கள் ஜெராக்ஸ் கடை நிழலில், ஒன்றும் இல்லாத ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவசரமாக எங்கோ போகிறவர்களைப் போல நின்றுகொண்டிருப்பார்கள்.

அவள் அப்பா சந்தனம், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஓவர்லாக் டெய்லர். மகளுக்குச் சீனியர் தேடித் தர அவருக்கு ஆள் பழக்கம் கிடையாது. அவளே பதினொரு ஆபீஸ் ஏறி இறங்கி, கடைசியில் மயில்சாமியிடம் சேர்ந்தாள்.

மயில்சாமி பெரிய வக்கீல். பொங்கலூரில் தோட்டம். தம்பிக்குப் பனியன் கம்பெனி. அந்தக் கம்பெனியில் ஒரு டெய்லர் கழுத்துப் பட்டி மட்டும் தைப்பார், இன்னொருவர் கை மட்டும் வைப்பார், முழு பனியனைத் தைக்கிறவர் யாரும் இல்லை. முழுதும் தைக்கத் தெரிந்தவன் அடுத்த மாதம் தனியாக நாலு மெஷின் போட்டுவிடுவான் என்று தம்பி விளக்கினாராம். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு வந்து தன் ஆபீஸில் ஏழு மேசை போட்டார். ஒரு மேசை நோட்டீஸ் மட்டும் எழுதும். இன்னொன்று பிராது மட்டும். ஒரு மேசைக்கு வாய்தா வாங்குவது மட்டுமே வேலை. அங்கே உட்கார்ந்தவர் மூன்று வருடத்தில் கோர்ட்டில் பேசிய ஒரே வாக்கியம், சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பது. குறுக்கு விசாரணையும் வாதமும் மயில்சாமி மட்டும். எந்தக் கேஸ் என்றைக்கு என்பது குமாஸ்தா கருப்புசாமியின் தடித்த டைரியில் இருக்கும், அதை வேறு யாரும் தொடக் கூடாது. காலையில் அவர் ஆளுக்கொரு துண்டுச் சீட்டுக் கொடுப்பார். அதில் உள்ள வேலையை முடித்தால் அன்றைய பொழுது முடிந்தது.

வேல்விழிக்குக் கிடைத்தது வக்காலத்து மேசை. கட்சிக்காரரிடம் கையெழுத்து வாங்கி, ஸ்டாம்பு ஒட்டி, கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, வக்காலத்தை நீட்டி, குனிந்து வணங்கிவிட்டு வெளியே வர வேண்டும். மாதச் சம்பளம் கிடையாது, ஒரு வக்காலத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. வக்கீல் ஃபீஸ் என்று ஊரில் சொல்வது சீனியருக்குப் போனது. ஜூனியருக்கு வந்தது டெய்லர்கள் உருப்படிக் கணக்கில் சொல்கிற பீஸ்.

நாலு வருடம் இதைச் செய்தாள். ஒரு நாள் சந்தனம் கேட்டார்: "ஏட்டி, இன்னும் அதே மிசின்லயா இருக்க? கத்துக்குடுக்க மாட்டாம்னா கம்பெனிய மாத்து."

அவள் கம்பெனியை மாற்றவில்லை. சீனியரிடம் போய், ஒரு சின்ன கேஸிலாவது குறுக்கு விசாரணை செய்யட்டுமா என்று கேட்டாள். மயில்சாமி யாரையும் கடிந்து பேசி அறியாதவர்.

"அதுக்கென்னங் கண்ணு அவசரம்? உன்ற வக்காலத்து மாதிரி சுத்தமா இந்த ஊர்ல வேற யாரு போடறாங்க?" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை கருப்புசாமி அவளுக்குச் சீட்டுக் கொடுக்கவில்லை. பாதி ரேட்டுக்கு ஒப்புக்கொண்ட ஒரு புதுப் பட்டதாரி வக்காலத்து மேசையில் உட்கார்ந்து ஸ்டாம்புக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். அவளும் நாலு வருடத்துக்கு முன் அப்படித்தான் வேறு யாருடைய நாற்காலியிலோ வந்து உட்கார்ந்திருப்பாள். அதை அவள் அன்றைக்குத்தான் யோசித்தாள்.

அப்படி 2007இல் அவள் தனி வக்கீல் ஆனாள். வீட்டு வாசலில் சந்தனம் ஒரு போர்டு மாட்டினார். நாலு மாதம் கழித்து முதல் கேஸ் வந்தது.

கொண்டுவந்தவர் செல்லத்தாய். ஒரு காலத்தில் அவர்களோடு ஒரே லைன் வீட்டில் குடியிருந்தவர், ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை, ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர். 1998இல் இரண்டு சென்ட் வாங்கிப் பதிவு செய்து, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு வீடு கட்டியிருந்தார். அவருக்கு விற்ற ஆசாமியே அதே இடத்தை 2003இல் இன்னொருவருக்கும் விற்றுவிட்டான். அந்த இன்னொருவர் இப்போது வீட்டைக் காலி செய்து தரச் சொல்லி வழக்குப் போட்டிருந்தார். அவருடைய வழக்கு மயில்சாமி ஆபீஸின் பிராது மேசையிலிருந்து வந்திருந்தது.

இதைவிட எளிய கேஸ் கிடைக்காது. இரண்டு பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துத் தேதியைப் படித்தால் போதும். அதற்குக் கோர்ட்டில் எழுந்து நிற்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் வேல்விழி. நின்றால் செல்லத்தாய்க்கு வீடு மிஞ்சும். தோற்றால் வீடு போகும், மண்ணரையில் எவரும் அதற்குப் பிறகு ஒரு காகிதத்தைக்கூட அவளிடம் கொண்டுவர மாட்டார்கள்.

அவள் நின்றாள். பெயரைக் கூப்பிட்டதும் வக்காலத்தை நீட்டினாள், குனிந்து வணங்கினாள், வெளியே வந்தாள். ஜட்ஜ் அடுத்த தேதியைச் சொன்னபோது அவள் வாசற்படியைத் தாண்டியிருந்தாள். நாலு வருடம் அந்தத் தேதி கருப்புசாமியின் வேலை. அவள் கை தன் வேலையை முடித்துவிட்டது, கால் வெளியே வந்துவிட்டது.

பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. எதிர்வாதவுரை தாக்கல் செய்யத் தொண்ணூறு நாள் வரை அவகாசம் என்று புத்தகத்தில் இருந்தது. புத்தகத்தை நம்பி எட்டு தடவை எழுதித் திருத்தினாள். அறுபத்து நாலாம் நாள், ஒரு பிழையும் இல்லாத எதிர்வாதவுரையை எடுத்துக்கொண்டு போனாள். கோர்ட் ஆபீஸில் இருந்தவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"அதுதான் முடிஞ்சுபோச்சுங்களே மேடம்" என்றார்.

ஜட்ஜ் முப்பது நாள்தான் கொடுத்திருந்தார். அந்த முப்பதாம் நாள் டவாலி மூன்று முறை பெயரைக் கூப்பிட்டு ஆள் இல்லை. எதிர்த் தரப்பு மட்டும் சாட்சி சொல்லி, முந்தின வாரம்தான் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகியிருந்தது. வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

இதற்கும் வழி உண்டு. முப்பது நாளுக்குள், வராததற்குத் தக்க காரணம் காட்டிச் சத்தியம் செய்து மனுப் போட்டால் வழக்கை மறுபடி எடுப்பார்கள். காரணத்தைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. அந்த வட்டாரத்துக் கோர்ட்டுகளில் வராமல் போன எல்லோருக்கும் வந்தது ஒரே வியாதி, மஞ்சள் காமாலை. எல்லோரும் கீழாநெல்லி அரைத்துக் குடித்து நாட்டு வைத்தியம் பார்த்தார்கள். எல்லோரும் தீர்ப்பான பிறகு குணமானார்கள். கோர்ட்டுக்கு எதிரே இருந்த டைப்பிங் சென்டரில் அந்தப் பத்தியைக் கம்ப்யூட்டரில் சேமித்தே வைத்திருந்தார்கள், பெயரை மாற்றினால் போதும். அந்த மனுக்களை நம்புவதாக இருந்தால் சுகாதாரத் துறை ஊரைச் சுற்றி வேலி போட்டிருக்க வேண்டும். யாரும் நம்பவில்லை. யாரும் மறுக்கவும் இல்லை.

வேல்விழியும் பெயரை மாற்றி எடுத்துக்கொண்டு செல்லத்தாயிடம் கையெழுத்துக்குப் போனாள். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் படித்தார்.

"எனக்கு எப்பம்மா காமாலை வந்துச்சு?"

எல்லோரும் இப்படித்தான் எழுதுவார்கள், இது ஒரு சம்பிரதாயம் என்றாள் வேல்விழி.

"அந்த மாசம் ஒரு நா லீவு போடல. கம்பெனி கார்டுல இருக்கு. சபையில எந்திரிச்சு நின்னு சாட்சி சொல்லுதவ, கோர்ட்டுல பொய்ச் சத்தியம் பண்ணுவனா?"

கையெழுத்துப் போடாவிட்டால் வீடு போய்விடும் என்று வேல்விழி எடுத்துச் சொன்னாள். செல்லத்தாய் காகிதத்தை மடித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியும்லா? தேதிய நீ குறிக்கல. அத எழுதிட்டு வா, போடுதேன்."

எழுத மூன்று நாள் ஆயிற்று. தன் வழக்கறிஞர் அடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டார், அதனால்தான் தனக்குத் தேதி தெரியவில்லை என்று செல்லத்தாய் சொல்வதாக ஒரு பத்தி. அது உண்மை என்று வேல்விழி தனியாக ஒரு வாக்குமூலம். விஷயம் ஜெராக்ஸ் கடை நிழலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே நாளில் மூன்று பேர் தனித்தனியாக வந்து, இப்படி எழுதிக் கொடுத்தால் இனி எவன் கேஸ் கொடுப்பான் என்று அக்கறையோடு கேட்டார்கள். அந்த மூவருக்கும் அதுவரை எவனும் கேஸ் கொடுத்திருக்கவில்லை.

மனு இரண்டாம் நாளே திரும்பி வந்தது. எந்தக் கோர்ட் என்று நான் எழுதப் போவதில்லை. மருத்துவச் சான்று இணைக்கப்படவில்லை என்று மேலே சிவப்பு மையில் குறித்திருந்தார்கள். இந்த வகை மனுவைச் சான்று இல்லாமல் அவர்கள் பார்த்ததே இல்லை. மனுதாரர் நலமாக இருக்கிறார், ஆகவே சான்று இல்லை என்று அடியில் எழுதி மறுபடி கொடுத்தாள். அதைப் படித்தவர் அவளையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எண் போட்டார்.

இப்படிப்பட்ட சின்ன மனுக்களுக்கு மயில்சாமி நேரில் வருவதில்லை. அன்றைக்கு வந்தார். வராந்தாவில் அவளைப் பார்த்ததும் நின்றார்.

"ஏங் கண்ணு, காமாலைன்னே போட்டிருந்தீன்னா ஆட்சேபனை இல்லைன்னு நானே சொல்லிட்டுப் போயிருப்பனே. இப்படி எழுதுனா நான் என்ன பண்றது?"

உண்மையாகவே வருத்தத்தோடுதான் சொன்னார். உள்ளே போய்க் கடுமையாக ஆட்சேபித்தார். வழக்கறிஞரின் அலட்சியம் தக்க காரணம் ஆகாது, ஒரு வழக்கறிஞர் தேதியைக் குறிக்கத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தால் பொதுமக்கள் இந்தத் தொழில்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை என்ன ஆகும் என்று கால் மணி நேரம் பேசினார். பின்னால் வரிசையில் இருந்த வக்கீல்கள் தலையாட்டினார்கள்.

ஜட்ஜ் வேல்விழியின் வாக்குமூலத்தைக் கையில் எடுத்தார்.

"எத்தனை வருஷமா வக்கீலா இருக்கீங்க?"

"நாலரை வருஷம் ஐயா."

"நாலரை வருஷத்துல தேதி குறிக்கக் கத்துக்கலையா?"

"நான் இருந்த ஆபீஸ்ல அது வேற ஆளோட வேலைங்க ஐயா. எனக்கு வக்காலத்து மட்டும்."

"எந்த ஆபீஸ்?"

வேல்விழி பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள். பெயர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. மயில்சாமி தன் ஃபைலைத் திறந்து, அதில் இல்லாத எதையோ தேடினார். தலையாட்டியவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். வேறு ஏதாவது ஆட்சேபனை உண்டா என்று ஜட்ஜ் கேட்டார். இல்லை என்றார்.

மனு அனுமதிக்கப்பட்டது. எதிர்வாதவுரை ஏற்கப்பட்டது. விசாரணை மறு வருடம் வந்தது. வாதியைக் குறுக்கு விசாரணை செய்ய அவளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் முதலில் கேட்டது பத்திரத்தைப் பற்றி இல்லை.

"நீங்க இடத்தைப் பார்க்கப் போனப்ப அங்க வீடு இருந்ததா?"

"இருந்துதுங்க."

"யார் வீடுன்னு கேட்டீங்களா?"

"அதெல்லாம் புரோக்கர் பாத்துக்கறேன்னாருங்க."

2009இல் வழக்கு தள்ளுபடி ஆயிற்று. செல்லத்தாய் அந்த வருடமே ஆஸ்பெஸ்டாஸை எடுத்துவிட்டு ஓட்டுக்கூரை போட்டார்.

இதிலிருந்து தொழில் எதையாவது கற்றுக்கொண்டிருக்கும் என்று யாரும் நினைக்கக் கூடாது. கற்றுக்கொண்டது, வேறு விதமாக. இந்த உத்தரவுக்குப் பிறகு அந்த ஜட்ஜ் காமாலைக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டுக் கேட்க ஆரம்பித்தார். உடனே டைப்பிங் சென்டரில் புதுப் பத்தி ஒன்று ஏறியது: என் வழக்கறிஞர் தேதியைக் குறிக்கத் தவறிவிட்டார். இதற்குத் தவறியவராகக் கையெழுத்துப் போட ஒரு வக்கீல் வேண்டும். சீனியர் போட முடியாது. மயில்சாமி ஆபீஸில் எட்டாவது மேசை வந்தது.

கருப்புசாமி மண்ணரைக்கே வந்து வேல்விழியைப் பார்த்தார். சம்பளம் மாதச் சம்பளம், பீஸ் ரேட் இல்லை என்றார். முன் அனுபவம் உள்ளவர் அவள் ஒருத்திதான் என்று அவர் சொன்னதில் கேலி ஏதும் இல்லை. அவள் டீ கொடுத்து, பதினோரு மணிக்குக் கேஸ் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவைத்தாள்.

அந்த மேசைக்கு ஒரே வாரத்தில் பதினாலு பட்டதாரிகள் விண்ணப்பித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் சட்டத்தில் முதுகலை.