கன்னையாவின் பேக்கோவும் ஆறு எலுமிச்சம்பழமும்

மலேசியாவின் கிள்ளானில், காப்பார் சாலையில் பழைய இரும்புக் கடைக்குப் பின்னால், லாலான் புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்த இடத்தில்தான் கன்னையா அந்த பேக்கோவைப் பார்த்தார். முன்பக்கம் மண் வாரும் தொட்டி, பின்பக்கம் பள்ளம் தோண்டும் நீண்ட கை, நடுவில் ஓட்டுபவர் உட்காரும் கூண்டு. கூண்டுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. பின் டயர் ஒன்று இல்லவே இல்லை. அந்தப் பக்கத்துக்கு மரக்கட்டையை முட்டுக் கொடுத்திருந்தார்கள். எது மஞ்சள் பூச்சு, எது துரு என்று பிரித்துச் சொல்ல முடியாது. வேறு ஆளாக இருந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்திருப்பார். கன்னையா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கிட்டே போனார்.

"கன்னையா, லு கீலா கா? உனக்குப் பைத்தியமா?" என்று கடைக்காரச் சீனத் தவுக்கே மலாயில் சிரித்தார். "இது கிலோ கணக்கில் போகிற சாமான். நாளைக்கு லோரி வருகிறது."

"லோரியை வேண்டாம்னு சொல்லிடு தவுக்கே," என்றார் கன்னையா, அதே மலாயில்.

கன்னையாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதன் பிறகு முப்பத்து நான்கு ஆண்டுகள் மற்றவர்களுடைய மிஷினை ஓட்டினார். எப்படி ஓட்டினார் என்று கிள்ளானில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தரையில் வைத்த கோழிமுட்டையை பக்கெட்டின் இரும்புப் பல்லால் நெம்பித் தூக்கி, விரிசல் விழாமல் லோரிக் கூரை மேல் வைத்தவர் அவர். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் அடுக்கியிருக்கும் தளங்களில் பாதிக்கு அடியில் கன்னையா தோண்டிய பள்ளம் இருக்கிறது. இதை அவரே சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இத்தனை ஆண்டுகளில் அவர் ஒரு மிஷினின் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்ததில்லை. மிஷின் படுத்துவிட்டால் முதலாளி மெக்கானிக்கைக் கூப்பிடுவார். கன்னையா தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். ஓட்டுகிறவனுக்கு அதுதான் வழக்கம்.

ஓய்வுக்காலச் சேமிப்பில் ஒரு பங்கைப் போட்டு அந்த இரும்பை அவர் வாங்கிய செய்தி வீட்டுக்கு வந்தபோது, மனைவி சீதாலெட்சுமி சத்தம் போடவில்லை. பக்கத்து ஊரான மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மறுநாள் வந்து மிஷினை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். கை மடங்கும் இடங்களில் பின்கள் தேய்ந்து லொடலொடவென்று ஆடின.

"உங்களுக்கும் முட்டி போச்சு, எனக்கும் முட்டி போச்சு. மூணாவதா இதையும் கூட்டிட்டு வந்துட்டீங்க. நல்ல குடும்பம்லா."

"பாத்துக்கிட்டே இரு. இத ஓட வெச்சுக் காட்டறேன்."

"ஓட்டுவீங்க, தெரியும். ஓட வெப்பீங்களா? அது வேற வேலையாச்சே."

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அடுத்த நான்கு மாதமும் போயின.

மிஷினை நிறுத்த இடம் கொடுத்தவர் ரமணி. வடிகால் வேலைகளைக் குத்தகைக்கு எடுத்துச் செய்பவர். வயதில் கன்னையாவுக்கு இளையவர். அவருடைய ஸ்டோருக்குப் பக்கத்தில் இருந்த கொட்டகையில் வேலை தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாபர் அலி வந்தார். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பெர்மிட்டில் வந்து, ஹைட்ராலிக் குழாய் செய்யும் கடையில் வேலை பார்ப்பவர். முதல் நாள் பழைய எண்ணெயை இறக்கினார்கள். கிச்சாப் சாஸ் போலக் கறுப்பாக, கெட்டியாக, அரை நாள் வடிந்தது.

"அண்ணே, இத நாசி கோரெங் சோத்துல ஊத்தலாம் போல இருக்கே," என்றார் ஜாபர் அலி.

பின்களை மாற்றினார்கள். வெடித்த குழாய்களை மாற்றினார்கள். பழைய டயர் ஒன்று செராஸிலிருந்து வந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, லீவர்களுக்குக் கீழே இருந்த இரும்புப் பெட்டியை ஜாபர் அலி கழற்றினார். உள்ளிருந்து சுண்டுவிரல் தடிமனில் ஒரு சின்னத் தண்டை உருவிக் கன்னையாவின் உள்ளங்கையில் வைத்தார். கண்ணாடி போலப் பளபளத்தது. நடுநடுவே இடுப்பு போல மெலிந்திருந்தது.

"என்னா இது?"

"இதான் அண்ணே எல்லாம். நீங்க லீவரைத் தொட்டா இது ஒரு நூலளவு நகரும். எண்ணெய்க்கு வழி தெறக்கும். மிச்சத்த எண்ணெய் பாத்துக்கும்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

கன்னையா அதை வெளிச்சத்தில் பிடித்தார்.  பாறையைப் பெயர்த்தது, மழைவெள்ளத்தில் சாய்ந்த மரத்தைத் தூக்கியது, பாசார் சந்தை ஓரம் குழியில் கவிழ்ந்த லோரியை நிமிர்த்தியது எல்லாம் இதுவா? கட்டைவிரல் நுழையாத குழாயில் ஓடுகிற எண்ணெயா? அவர் அந்தத் தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முப்பத்து நாலு வருசமா நாந்தான் தூக்கறேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன் தம்பி," என்றார்.

அன்றிலிருந்து ஜாபர் அலி இல்லாத நாட்களிலும் கொட்டகையில்தான் இருந்தார். தோண்டும் கையை மடக்கி நீட்டும் பெரிய சிலிண்டரிலிருந்து நீண்டு வரும் குரோம் கம்பியை டீசல் துணியால் துடைத்துத் துடைத்து மினுக்கினார். மிஷினில் துரு ஏறாமல் தப்பியிருந்தது அது ஒன்றுதான். நீளவாக்கில் குனிந்து பார்த்தால் அவருடைய நரைத்த மீசை அதில் தெரிந்தது. புது மஞ்சள் பூச்சு அடித்த பிறகும், வந்தவர்களிடம் பூச்சைக் காட்டமாட்டார். அந்தக் கம்பியைத்தான் காட்டுவார்.

இஞ்சின் பிடித்து, கை முதல் தடவையாக எழும்பிய வாரத்தில் ரமணி வந்து நின்றார். தாமான் குடியிருப்பு ஒன்றில் அடுக்குமாடி வீடுகளின் பின்னால் லோங்காங் என்கிற சாக்கடை அடைத்துக் கிடந்தது. மழை வந்தால் கீழ்வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும்.

"வெள்ளிக்கெழம காலையில ஏழு மணிக்கு அந்த லோங்காங்க தோண்டணும். அண்ணே, உங்க கை எனக்குத் தெரியும். உங்க மிஷினத் தெரியாது. மத்தியானம் வரைக்கும் படுக்காம வேலை செஞ்சா இந்த வருசம் முழுக்க என் வேலையெல்லாம் உங்களுக்குத்தான். பாதியில படுத்துச்சுன்னா, மன்னிச்சுக்குங்க, பழையபடி என் மிஷினுக்கு ஓட்டுநரா வந்துருங்க."

"வியாழக்கெழம பூச போட்டுருவேன். வெள்ளிக்கெழம ஏழு மணிக்கு மிஷின் நிக்கும்," என்றார் கன்னையா. மார்பு கொஞ்சம் முன்னால் வந்தது.

வியாழன் காலை சாலையோர முனீஸ்வரன் கோவில் முன்னால் பேக்கோவைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். டயருக்கு ஒன்றாக நசுக்க எலுமிச்சம்பழம் எடுத்த பூசாரி தயங்கினார்.

"அண்ணே, நாலு போதுமா? தோண்டும்போது தரையில ஊனுற காலு ரெண்டு இருக்கே?"

"ஆறு வைங்க சாமி," என்றார் சீதாலெட்சுமி. "அந்தக் காலு கோவிச்சுக்கப் போவுது."

சூடம் காட்டினார்கள். இத்தனை ஆண்டுகளில் ஆயுத பூசைக்கு எத்தனையோ மிஷின்களுக்கு மாலை விழுந்ததைக் கன்னையா பார்த்திருக்கிறார். முதலாளி முன்னால் நிற்பார், மாலை முன்பக்கக் கம்பிவலையில் தொங்கும், கன்னையா பின்வரிசையில் கைகட்டி நிற்பார். இன்று மாலை அவருடைய கையில் இருந்தது. கம்பிவலைப் பக்கம் அவர் போகவே இல்லை. நேராகப் பின்னால் போய், தான் மினுக்கிய அந்தக் குரோம் கம்பியில் சாமந்தி மாலையை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். நைலான் நூலில் கட்டிய மாலை.

அந்தக் கம்பியில் சேறு காய்ந்தாலே துடைத்துவிட்டுத்தான் கையை மடக்கவேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர். அன்றைக்கு அது அவர் நினைவில் இல்லை. கண்ணில் நீர் நின்றது. ஏறி உட்கார்ந்தார், கூட்டத்தைப் பார்த்தார், லீவரை இழுத்தார். கை மடங்கி ராஜாவைப் போல எழுந்தது. கம்பி சிலிண்டருக்குள் வழுக்கிக்கொண்டு போனது. மாலையும் கூடவே போனது.

பூக்கள் சிலிண்டர் வாயிலேயே நசுங்கி உதிர்ந்தன. நூல் உள்ளே இழுபட்டது. அடுத்த தடவை கம்பி வெளியே வந்தபோது அதன்மேல் எண்ணெய் வழிந்து சொட்டியது.

"ஐயோ, நானே கெடுத்துட்டேனே," என்றார் கன்னையா. பூசாரிக்கு ஒன்றும் புரியவில்லை. சீதாலெட்சுமிக்குப் புரிந்தது.

கொட்டகைக்கு மெல்ல ஓட்டி வந்தார்கள். ஜாபர் அலி கடையில் அரைநாள் விடுப்புக் கேட்டு, ரப்பர் வளையங்களோடு இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தார். சிலிண்டரைத் திறந்து இடுக்கியால் நூலை உருவினார். முழ நீளம் வந்தது. நுனியில் ஒரு சாமந்தி இதழ்.

"சிலிண்டருக்கே பூ வெச்ச ஆளு மலேசியாவுலயே நீங்க ஒருத்தர்தான் அண்ணே."

கன்னையா சிரிக்கவில்லை. வெளியிலிருந்து தூசியைத் துடைக்கும் வளையம் கிழிந்திருந்தது, அதை மாற்றினார்கள். உள்ளே எண்ணெயைத் தடுக்கும் வளையத்தை ஜாபர் அலி டார்ச் அடித்துப் பார்த்தார். "இது நல்லாத்தான் இருக்கு," என்று திருப்பி மாட்டினார். ஓட்டிப் பார்த்தார்கள். சொட்டு நின்றபாடில்லை. அந்த நேரம் பார்த்து ரமணி அந்தப் பக்கம் வந்தார். தரையில் இருந்த எண்ணெயைப் பார்த்தார்.

"நாளைக்கு வேற மிஷின் கூப்பிடட்டுமா அண்ணே?"

"ஏழு மணிக்கு என் மிஷின் நிக்கும்."

ரமணி தலையாட்டிவிட்டுப் போனார். கன்னையா டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். தோண்டுகிறவனுடைய கைக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை.

"தம்பி, மறுபடியும் கழட்டு," என்றார் சீதாலெட்சுமி. "அந்த வளையத்த எங்கிட்ட குடு."

வளையத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினார். துடைத்தார். இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே வைத்து உட்புறத்தை வெளிப்புறமாக மெல்லப் புரட்டிக்கொண்டே வந்தார். பார்வை எங்கோ தூரத்தில் இருந்தது, விரல்கள்தான் நடந்தன. கையுறையில் ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று ஒரு ஷிப்டுக்கு ஆயிரக்கணக்கில் தடவிப் பார்த்த விரல்கள். சுற்று முக்காலுக்கு வந்ததும் நின்றன.

"இங்க."

ஜாபர் அலி குனிந்தார். ஒன்றும் தெரியவில்லை. சீதாலெட்சுமி அந்த இடத்தை வளைத்து அழுத்தினார். முடியளவு ஒரு கோடு, சின்ன வாய் போலத் திறந்தது.

"யா அல்லா! அக்கா, நான் டார்ச் அடிச்சுப் பாத்தனே!"

"நீ கண்ணால பாத்த தம்பி. அதான்."

உள்ளே மாட்ட ஜாபர் அலி கொண்டுவந்த புது வளையங்கள் இரண்டு இருந்தன. சீதாலெட்சுமி இரண்டையும் கேட்டு வாங்கினார். இரண்டையும் தடவி முடித்து, ஒன்றை ஓரமாக வைத்தார். "இதுல பிசிறு இருக்கு. அத மாட்டு." கடையில் வந்த புதுச் சாமான், உறை பிரிக்காதது. ஜாபர் அலி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிசிறு நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. மறுபேச்சு இல்லாமல் மற்றதை மாட்டினார்.

கன்னையா மனைவியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரும்புப் பெட்டியிலிருந்து தண்டை எடுத்துக் கையில் வைத்த அன்று பார்த்தாரே, அதே பார்வை. இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த விரல்கள் அவருக்குச் சோறு போட்டிருக்கின்றன. அவற்றுக்குள் இப்படி ஒன்று இருந்தது அவருக்குத் தெரியாது. அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு ஒலிக்கும் நேரத்துக்குள் சிலிண்டரை மூடிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே பேக்கோ லோங்காங் ஓரத்தில் கால் ஊன்றி நின்றது. புது மாலை ஒன்று பக்கக் கண்ணாடியில் தொங்கியது. அடுக்குமாடிக்காரர்கள் மாடிகளில் வந்து நின்றார்கள். ரமணி ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, குரோம் கம்பிக்கு நேராக உட்கார்ந்துகொண்டார். தோண்டுவதை அவர் பார்க்கவில்லை. கம்பியைத்தான் பார்த்தார்.

கன்னையா லீவரைத் தொட்டார். எங்கோ உள்ளே அந்தச் சின்னத் தண்டு ஒரு நூலளவு நகர்வது இப்போது அவருக்குத் தெரிந்தது. எண்ணெய் போகும் வழி தெரிந்தது. கை நீண்டது. மெத்தை ஒன்று வந்தது, மோட்டார் சைக்கிள் டயர் வந்தது, கறுப்புச் சேறு தொட்டி தொட்டியாக வந்தது. கம்பி போனது, வந்தது, போனது, வந்தது. பதினோரு மணிவாக்கில் அடைப்பின் கடைசிப் பகுதி பெயர்ந்தது. வருடக்கணக்காகத் தேங்கிக் கிடந்த தண்ணீர் முதலில் நடுங்கியது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, இரைச்சலோடு ஓடத் தொடங்கியது.

"ஓடுது! தண்ணி ஓடுது!" என்று மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள்.

நடுப்பகல் ஆனதும் ரமணி எழுந்து வந்தார். கம்பியின் அடியில், சிலிண்டர் வாயை ஒட்டி விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். விரலை வெயிலில் பிடித்துப் பார்த்தார். துணியில் துடைக்க எண்ணெய் எதுவும் இல்லை.

"திங்கக்கெழம கம்போங் மேடானுக்கு வந்துருங்க அண்ணே. ஆறு மாசத்து வேல அங்க மட்டும் கெடக்கு. வாங்க, தேத்தண்ணி குடிப்போம்."

கன்னையா கூண்டிலிருந்து இறங்கினார். முப்பத்து நான்கு ஆண்டுப் பழக்கத்தில் கால்கள் தேத்தண்ணிக் கடைப்பக்கம் இரண்டு எட்டு வைத்தன. நின்றார்.

"நீங்க போங்க ரமணி. நான் ஒரு சுத்துப் பாத்துட்டு வரேன்."

திரும்பினால், சீதாலெட்சுமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, ஒவ்வொரு சிலிண்டராக விரலால் தடவிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?" என்றார் கன்னையா. குரல் அவருக்கே புதிதாக இருந்தது, முதலாளியிடம் கேட்பதுபோல.

"காஞ்சு கெடக்கு," என்றார் சீதாலெட்சுமி. "நீங்க அந்தப் பக்கம் பாருங்க."