எடை குறைந்த வாரம்

கோயம்புத்தூரில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் மாசாணியம்மாள் பதினோரு வருடமாக ஆயா. தரை துடைப்பதும் துணி மாற்றுவதும்தான் வேலை. ஆனாலும் தாய்ப்பால் குறைந்து சவலை பாய்ந்து வரும் குழந்தைகளின் கட்டிலருகே அவர் கால்கள் நின்றுவிடும்.

1993 ஆடியில் வெள்ளகோவிலிலிருந்து பொற்கொடி தன் ஒன்றரை வயது மகள் சுகந்தியைத் தூக்கி வந்தாள். விசைத்தறியில் வேலை செய்பவள். மறுபடி வயிற்றில் தரித்ததும் தாய்ப்பாலை நிறுத்தியிருந்தாள். அந்தக் கருவும் தங்கவில்லை, நின்ற பாலும் திரும்பவில்லை. சுகந்தியின் முகமும் பாதமும் வீங்கி, தோல் உரிந்து, முடி செம்பட்டையாகியிருந்தது.

"ட்ரிப்ஸ் ஏத்த மாட்டீங்களாங்க?" என்று கேட்டான் அவள் கணவன் கருப்புசாமி.

இந்த உடம்பில் ஏற்றினால் இதயம் தாங்காது என்றார் டாக்டர். பாலும் சர்க்கரையும் எண்ணெயும் கலந்து இரண்டு மணிக்கொரு தரம் பாலாடைச் சங்கில் ஊட்ட வேண்டும். உடம்பு சில்லிடாமல் தாய் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறாம் நாள் வீக்கம் வடிந்தது. எடை அரைக் கிலோ குறைந்திருந்தது. விலா எலும்பு தெரியக் கிடந்த மகளைப் பார்த்துக் கருப்புசாமி கொதித்துப்போனான்.

"வாரப்ப தளதளன்னு இருந்துச்சு. இப்ப எலும்பாக்கிப் போட்டீங்களே! கெளம்பு பொற்கொடி."

"அது சதையில்லீங்க, தண்ணி. அது வடிஞ்சாத்தானுங்க சதை புடிக்கும்" என்றார் மாசாணியம்மாள். அவன் காதில் வாங்காமல் ஆட்டோ பார்க்கப் போனான்.

பொற்கொடி துணிகளை மடிக்கத் தொடங்கினாள். போன பங்குனியில் இதேபோல் வேறொரு குழந்தையைச் சிகிச்சையின் பாதியில் கொண்டுபோனார்கள். பத்தாம் நாள் திரும்ப வந்தபோது அதற்கு மூச்சில்லை. ஆயா பேச்சு எங்கே எடுபடும் என்று அன்று மாசாணியம்மாள் வாய் திறக்கவில்லை. அந்த முள் இன்னும் உள்ளே இருந்தது.

"ஊட்டுல என்ன அம்மணி?" என்று கேட்டார்.

பொற்கொடி உடைந்து அழுதாள். "மூத்தவளுக்கு நாலு வயசுங்க. பக்கத்து ஊட்டுல உட்டுட்டு வந்தேன். அம்மா வேணும்னு சோறே உங்கறதில்லையாமுங்க."

"அவளையும் இங்கயே கூட்டிட்டு வரச் சொல்லு. நாம் பாத்துக்கறேன்."

வார்டில் அதற்கு அனுமதியில்லை. நர்ஸ் திட்டினார். மாசாணியம்மாள் நேரே டாக்டர் முன்னால் போய் நின்றார்.

"பொற்கொடி ஊட்டுக்குப் போயிட்டா இந்தக் கொழந்தை பொழைக்காதுங்க. மருந்து நீங்க குடுப்பீங்க. மடி அவதானுங்களே குடுக்கோணும்?"

டாக்டர் மூத்தவளை வார்டில் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். பிறகு ஆட்டோவோடு திரும்பிய கருப்புசாமியை உட்காரவைத்து, வடிந்தது வீக்கத் தண்ணீர்தான் என்று விளக்கினார். மூத்தவள் வந்ததும் அவளையும் எடை போடச் சொன்னார். அவளும் நோஞ்சான்தான். அவளுக்கும் பால் எழுதினார்.

பத்தாம் நாள் காலை, சுகந்தி பாலாடையைத் தட்டிவிட்டுக் கிண்ணத்தையே இரண்டு கையாலும் இழுத்தாள். பொற்கொடி சிரித்தாள். மாசாணியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஐந்தாவது வாரம் அவர்கள் ஊர் திரும்பினார்கள்.

கார்த்திகையில் எடை பார்க்க வர வேண்டிய நாளில் யாரும் வரவில்லை. அடுத்த விடுப்பிலேயே மாசாணியம்மாள் வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினார். சுகந்தி வயிற்றுப்போக்கில் கண் குழிந்து படுத்திருந்தாள்.

"நாளைக்கு வாரதா இருந்தேனுங்க ஆயா" என்றாள் பொற்கொடி.

"நாளைக்கு வேண்டாம் கண்ணு. இப்பவே."

வழி நெடுக உப்புச் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச்சொட்டாக ஊட்டியபடி கொண்டுவந்து சேர்த்தார். இந்த முறை எட்டே நாளில் பிள்ளை தேறிவிட்டாள்.

தை மாதம் கருப்புசாமி மாசாணியம்மாளைத் தேடித் தனியாக வார்டுக்கு வந்தான். சுகந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனான்.