மூன்றாம் மாடி ஏறாத வழிகாட்டி

எங்கள் புள்ளியியல் துறையில் புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு முதல் வருடம் ஒரு மூத்த பேராசிரியர் வழிகாட்டியாக இருக்க வேண்டும் என்று விதி. மற்றவர்களுக்கெல்லாம் ஆராய்ச்சி, மாநாடு, வெளியூர்ப் பயணம் என்று தலைக்கு மேல் வேலை. துறைத்தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஈ ஓட்டிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். "உங்க அனுபவம் வேற யாருக்கு இருக்கு?" என்றார். இருபத்தாறு வருடமாக ஒரே பாடக்குறிப்பை வைத்துக் காலத்தை ஓட்டுவதற்கு அனுபவம் என்று பெயர் வைத்தது அவருடைய பெருந்தன்மை. அதை நான் நம்பியது என் தலைக்கனம்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். "காலையில எழுந்திரிக்கவே உங்களை மூணு தடவை தட்டணும். நீங்க ஒருத்தருக்கு வழி காட்டப் போறீங்களாக்கும்!" என்றாள் மனைவி. பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

வந்தவர் சின்னப் பெண் அல்ல. நாற்பத்தொரு வயது. ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் பதினோரு வருடம் நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து அலசியவர். பாடம் நடத்த வேண்டும் என்ற ஆசையில் அந்த நிரந்தர வேலையை உதறிவிட்டு, கணவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஊர் மாறி வந்திருந்தார். இங்கே முதல் வருடம் தற்காலிகம்தான். வழிகாட்டி மூன்று வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்து மூன்று அறிக்கை தர வேண்டும். ஆசிரியர் தேர்வுக் குழு அதைப் படித்துத்தான் வேலையை நிரந்தரமாக்கும். இல்லையென்றால் அவர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முதல் நாளே அவருக்கு ஞானத்தை அள்ளி வழங்கினேன். துறைக் கூட்டத்தில் கதவோரமாக உட்காருங்கள், நைசாக நழுவலாம். பேனாவை வெளியே எடுக்காதீர்கள், குறிப்பெழுதும் வேலை தலையில் விழும். மாணவன் கேட்டதற்குப் பதில் தெரியவில்லையா, அது அடுத்த பாடத்தில் வரும் என்று சொல்லிவிடுங்கள். அவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"அடுத்த பாடத்துலயும் வரலைன்னா சார்?"

"அதுக்குள்ள பரீட்சை வந்துடும் மேடம்," என்று சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய வகுப்பு வியாழக்கிழமை காலை, மூன்றாம் மாடியில். லிப்ட் ரிப்பேர். எனக்கோ முழங்கால் வலி. கேன்டீனுக்கு நடக்கும்போது மட்டும் அது வலிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் வருகிறேன், அடுத்த வாரம் வருகிறேன் என்றே வருடத்தைத் தள்ளினேன். கடைசியில் அலுவலகத்திலிருந்து அறிக்கை எங்கே என்று நெருக்கினார்கள். ஆறு வருடத்துக்கு முன் இன்னொருவருக்கு எழுதிய மூன்று அறிக்கைகளைத் தேடி எடுத்துப் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றினேன். ஒரே ஒரு எண்ணை இட்டுக்கட்டினாலும் மாணவனின் தாளைத் திருப்பி வீசுகிற ஆள் நான். அன்றைக்கு மட்டும் மனசாட்சி அசையவே இல்லை. எல்லாம் புகழ்ச்சிதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கையெழுத்தைப் போட்டேன்.

குழு எங்கள் இருவரையும் கூப்பிட்டது. குழுத்தலைவி வேதியியல் பேராசிரியை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி நிதானமாகப் படிக்கிறவர்.

"கரும்பலகையை ரொம்ப அழகா பயன்படுத்துறாங்கன்னு எழுதியிருக்கீங்க. மூணாம் மாடியில கரும்பலகை ஏது? நாலு வருஷம் முன்னாடியே கழட்டிட்டு புரொஜெக்டர் திரை மாட்டியாச்சே."

குழுத்தலைவி புதியவர் பக்கம் திரும்பினார்.

"போன வருஷம் ஒருத்தர் யாரோட பழைய அறிக்கையையோ காப்பியடிச்சு, வழிகாட்டிகிட்ட கையெழுத்து மட்டும் வாங்கிட்டாரு. இதுவும் அப்படித்தானா? அப்படின்னா உங்க விஷயத்தை இன்னைக்கே முடிச்சிடலாம்."

புதியவரின் முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தார். இவர் என் வகுப்புக்கு வரவே இல்லை என்று அவர் போட்டு உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை. நானோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முழுதாக ஒரு நிமிடம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழி அந்தப் பக்கம் விழுந்தால் நான் தப்பிக்கலாம் என்று மனது கணக்குப் போட்டது. என்னை நானே அவ்வளவு வெறுத்த நிமிடம் வேறு கிடையாது.

"நான் போகவே இல்லை மேடம்," என்றேன். "ஒரு தடவைகூடப் போகலை. பழசைக் காப்பியடிச்சது நான்தான். இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"ஏன் போகலை?"

"மாடி ஏறணுமே."

குழுவில் ஒருவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். குழுத்தலைவி சிரிக்கவில்லை. என்னிடம் விளக்கக் கடிதம் வாங்கினார்கள், வழிகாட்டிப் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்தார்கள். என்னைவிட மூன்று வயது மூத்த இன்னொரு பேராசிரியர் அடுத்த மூன்று வாரமும் படியேறிப் போய், உட்கார்ந்து பார்த்து, அறிக்கை எழுதினார். வேலை நிரந்தரமானது.

ஆணை வந்த அன்று புதியவர் என் அறைக்கு வந்தார். உண்மையை ஒப்புக்கொண்டு காப்பாற்றியதற்கு நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்தேன். "இதுக்கெல்லாம் எதுக்கு மேடம் நன்றி" என்ற பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். என் கொழுப்பு அந்த மாதிரி.

"எல்லா வியாழக்கிழமையும் கடைசி வரிசையில ஒரு நாற்காலியைக் காலியா வெச்சிருந்தேன் சார்," என்றார். "எந்த வாரம் வருவீங்கன்னு தெரியாதே. முந்தின நாளே என் பொண்ணை உக்கார வெச்சு ஒரு தடவை நடத்திப் பார்த்துடுவேன். பதினோரு வருஷம் ஃபைலுங்களோடயே இருந்தவ நான். இத்தனை பேர் முன்னாடி நின்னதே இல்லை. எங்க தப்பு பண்றேன்னு நீங்க வந்து சொல்லுவீங்கன்னு நினைச்சேன். ரொம்ப பயமா இருந்துச்சு சார்."

"இந்த வாரம் வந்து உக்காரட்டுமா மேடம்?" என்று கேட்டேன்.

"வேண்டாம் சார்," என்றார். "இப்ப பயம் போயிடுச்சு."